கோப்பியின் மணிக்கணக்கு

மட்டக்களப்பு நகரில் மணிக்கூடு திருத்திப் பிழைப்பவன் நான். பெண்கள் கட்டும் சிறிய கைமணிக்கூட்டைத் திறந்தால் உள்ளே தலைமயிரை விட மெல்லிய சுருள்வில் ஒன்று இருக்கும். அதைச் சாமணத்தால் தூக்கி இடத்தில் வைக்கும்போது கை எவ்வளவு நடுங்குகிறது என்பதைக் கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். எந்த மனிதனின் கையும் முற்றாக அசையாமல் நிற்பதில்லை. நல்ல சுகத்தோடு இருப்பவரின் விரல்கூட விநாடிக்கு 8 முதல் 12 தடவை வரை மெல்ல அதிர்கிறது. வெறுங்கண்ணுக்கு அது தெரிவதில்லை. கடுங்கோப்பி ஒன்றைக் குடித்து அரை மணிநேரம் சென்றபின் அதே விரலைப் பூதக்கண்ணாடியின் கீழ் பார்த்தால் அதிர்வு பெரிதாகியிருக்கும்.

எனக்குத் தொழில் பழக்கிய முதலாளி, காலையில் கடை திறந்ததும் கஷ்டமான மணிக்கூடுகளை முதலில் முடித்துவிட்டுத்தான் கோப்பிக்கு ஆள் அனுப்புவார். பட்டி மாற்றுவது, பற்றரி போடுவது, சுவர் மணிக்கூட்டைத் துடைப்பது எல்லாம் கோப்பிக்குப் பிறகு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். கோப்பியில் உள்ள தூண்டுபொருளின் பெயரான கஃபீன் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். ஆனாலும் அந்த ஒழுங்கை அவர் ஒருநாளும் மாற்றவில்லை. இன்றும் என் கடையில் அதே ஒழுங்குதான்.

அவர் தன் கையைப் பார்த்தே தெரிந்துகொண்டதற்குக் காரணம் சொன்னவள், உயிரியல் படிப்பிக்கும் என் மருமகள். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. கலங்கள் சக்தியைச் செலவழிக்கும்போது மிஞ்சுவது அது. நரம்புக்கலங்களின் மேல் அதற்கென்று வாங்கிகள் இருக்கின்றன. அடினோசின் அவற்றில் அமர அமர நரம்புகளின் வேகம் தணியும், கண் சொக்கும். கஃபீனின் மூலக்கூறு உருவத்தில் அடினோசினைப் போன்றது. அதே வாங்கியில் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அடினோசின் செய்யும் வேலையைச் செய்யாது. கல்முனை பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இருக்கை பிடிப்பார்களே, அந்தக் கைக்குட்டைதான் கஃபீன். கைக்குட்டை எங்கும் பயணம் போகப்போவதில்லை. என்றாலும் ஏறி வந்தவர் உட்கார இடமில்லாமல் நிற்க வேண்டியிருக்கிறது. களைப்பு பஸ்ஸை விட்டு இறங்கிவிடவில்லை. மேலும் மேலும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. கைக்குட்டையை எடுத்த மறுகணம் நின்றவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். காலையில் இரண்டு கோப்பி குடித்தவருக்குப் பகல் சாப்பாட்டுக்குப் பின் தலை கவிழ்வதில் சோற்றுக்கும் பங்கு உண்டு, இதற்கும் பங்கு உண்டு.

அடினோசினின் கடிவாளம் தளர்ந்ததும், ஆபத்து நேரத்தில் உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்புத் தொகுதி முன்னுக்கு வருகிறது. நாய் துரத்தும்போது சுரக்கும் அதே அட்ரினலின் சற்றுக் கூடுதலாக இரத்தத்தில் இறங்குகிறது. இதயம் வேகமாக அடிப்பது, உள்ளங்கை வியர்ப்பது, விரல் அதிர்வது எல்லாம் அங்கிருந்து வருபவை. மூளையில் டோபமினின் வேலையும் ஓங்குவதால் மனம் உற்சாகப்படுகிறது. மற்றவர்கள் தேடுவது இந்த உற்சாகத்தை. நான் அஞ்சுவது விரலை. ஒரே பொருள்தான் இரண்டையும் செய்கிறது. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

கஃபீனை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ரூங்க என்ற ஜெர்மானிய வேதியியலாளர், 1819இல். அவர் கையில் கோப்பிக் கொட்டைகளைக் கொடுத்து ஆராயச் சொன்னவர் கவிஞர் கோதே. கவிஞர்களுக்கும் இரவு விழிப்புக்கும் உள்ள உறவை நினைத்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கோப்பியை நம்மவர்கள் கோப்பைக் கணக்கில் எண்ணுகிறார்கள். “நான் ஒரு நாளைக்கு இரண்டுதான் குடிக்கிறேன்” என்று சொன்னதும் எல்லாம் முடிந்துவிட்டது போல இருப்பார்கள். நாள் முழுவதும் மணிக்கூடுகளின் நடுவில் உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, எனக்கு அதை மணிக்கணக்கில் பார்ப்பதுதான் சரியாகப் படுகிறது. குடித்த கஃபீனில் பெரும்பகுதி முக்கால் மணிநேரத்துக்குள் இரத்தத்தில் சேர்ந்துவிடும். வெளியேறுவதுதான் தாமதம். நலமான ஒருவரின் உடம்பில் பாதி குறைய ஏறத்தாழ ஐந்து மணிநேரம் ஆகிறது. மாலை 4 மணிக்கு 100 மில்லிகிராம் உள்ளே போனால் இரவு 9 மணிக்கு 50 இருக்கும், அதிகாலை 2 மணிக்கும் 25 இருக்கும். அந்த 25 என்பது பாதிக் கோப்பைத் தேநீரை நள்ளிரவில் எழும்பிக் குடித்ததற்குச் சமம். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணிநேரத்துக்கு முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணிநேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்திருந்தது.

“நான் கோப்பி குடித்துவிட்டும் நன்றாகத் தூங்குகிறேன்” என்று சொல்பவர்கள் பலர். தூங்குகிறார்கள் என்பது உண்மை. நானும் தலையணையில் சாய்ந்ததும் தூங்கிவிடுகிறவன்தான். மாலைக் கோப்பி குடித்த நாட்களில் மட்டும் மூன்று மணிபோல விழிப்பு வரும். வந்தால் கடை வாடகை, மகளின் சீதனம், கழற்றி வைத்த மணிக்கூட்டின் திருகாணி என்று ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கும். கஃபீன் ஆழ்ந்த தூக்கத்தின் அளவைக் குறைக்கிறது. அதனால் தூக்கம் எளிதில் கலைகிறது. காலையில் எழுந்தால் உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும். அதைப் போக்க இன்னொரு கோப்பி. இந்த வட்டத்தை நான் உடைத்தது கோப்பையைக் குறைத்து அல்ல, நேரத்தை மாற்றி. பகல் 1 மணிக்குப் பிறகு கோப்பி இல்லை. காலையில் விரும்பினால் இரண்டு. அவ்வளவுதான் செய்தேன். மூன்று மணி விழிப்பு ஒரேயடியாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், மகளின் சீதனம் இன்னும் தீரவில்லையே. ஆனால் மிகவும் குறைந்துவிட்டது.

விழித்திருக்கவே கோப்பி குடிக்கும் இரவுகளும் நம் பக்கத்தில் உண்டு. கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிக் குளிர்த்திச் சடங்கு, சிவராத்திரி, விடியவிடிய ஆடும் வடமோடிக் கூத்து, செத்த வீட்டின் முதல் இரவு. களரி ஓரத்தில் பெரிய பானையில் கொதிக்கும் கோப்பி இல்லாமல் ஒரு கூத்து முடிந்து நான் பார்த்ததில்லை. அந்த இரவுகளுக்கு நான் விதி எதுவும் வைத்துக்கொள்வதில்லை. ஒரே ஒரு நுணுக்கம் மட்டும்: பெரிய கோப்பையாக ஒரே தடவையில் குடிக்காமல், சிறுகச் சிறுக இரண்டு மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை குடித்தால் தலை தெளிவாக இருக்கும், கையும் நடுங்காது. மறுநாள் கடையில் சுருள்வில் வேலை எடுக்க மாட்டேன்.

கோப்பித்தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அம்மா கோப்பியை வறுத்து இடிக்கும்போது வறுத்த மல்லியும் சுக்கும் சேர்ப்பாள். மணத்துக்கும் வாய்வுக்கும் என்பாள். காசு மிச்சம் என்பதை வெளியில் சொல்ல மாட்டாள். அந்தக் கோப்பையில் பாதிக்கு மேல் மல்லிதான், ஆகவே கஃபீனும் குறைவு. இன்று கடையில் வாங்கும் தூள் தனிக் கோப்பி. ரொபஸ்டா இனக் கொட்டையில் அராபிக்காவில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கஃபீன் இருக்கிறது. கறுப்பாக வறுத்தால் கடுப்பு அதிகம் என்று நினைப்பார்கள். கசப்புத்தான் அதிகம், கஃபீனில் பெரிய வேறுபாடு இல்லை. பால் ஊற்றினாலும் சீனி கூட்டினாலும் அது குறையாது. உடனடிக் கோப்பித்தூள் ஒரு தேக்கரண்டியில் சுமார் 60 மில்லிகிராம், வடித்த கோப்பி ஒரு பெரிய கோப்பையில் சுமார் 95, தேநீரில் 30 முதல் 50 வரை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் சொன்ன அளவு, நலமான வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், ஒரே தடவையில் 200. இந்தக் கணக்கில் தேநீரையும் சேர்க்க வேண்டும். கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வருபவர் போகிறவர் எல்லாம் பிளேன்டீ சொல்லும் ஊர் இது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இனி விரதத்துக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

என் கடைக்குப் பக்கத்தில் புடவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர், நாங்கள் காக்கா என்று அழைப்பவர், காத்தான்குடிக்காரர். ஆண்டு முழுவதும் சிரித்த முகம். நோன்பு தொடங்கியதும் முதல் சில நாள் பின்னேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு, கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். பசியால் வரும் தலைவலி என்று அவர் நம்பினார். என் வீட்டிலும் இதேதான். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிக்கும் என் மனைவிக்கு இரண்டாம் நாள் தலை பிளக்கும். மாமியார் மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழிப்பாள். மூன்றாம் நாள் கொஞ்சம் இலேசாகும். நாவூறு போய்விட்டது என்று மாமியாருக்குத் திருப்தி.

அந்த இரண்டாம் நாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தினமும் கஃபீன் கிடைக்கும் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அடினோசினுக்கு மேலதிகமான வாங்கிகளை உண்டாக்குகிறது. கஃபீன் மூளையின் இரத்தக் குழாய்களைச் சற்றுச் சுருக்கி வைப்பதும் உண்டு. அதை ஒரேயடியாக நிறுத்தினால், கூடியிருக்கும் வாங்கிகள் எல்லாவற்றிலும் அடினோசின் அமர்கிறது, குழாய்கள் விரிகின்றன, தலை இடிக்கிறது. கடைசிக் கோப்பையில் இருந்து 12 முதல் 24 மணிநேரத்தில் வலி தொடங்கி, ஒன்று இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு கிழமைக்கு மேலும் நீடிக்கும். கூடவே சோர்வு, எரிச்சல், எதிலும் மனம் ஒன்றாமை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்படுத்தலில் இது ஒரு தனிக் கோளாறாகவே இடம்பெற்றிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரே கோப்பை குடிப்பவருக்கும் வரலாம்.

இதைத் தெரிந்துகொண்டபின் நானும் காக்காவும் ஒரு வழி பிடித்தோம். நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்திலேயே அவர் குறைக்கத் தொடங்குவார். கோப்பையைக் குறைப்பதில்லை. அம்மாவின் பழைய கலவைக்குத் திரும்பினோம். முதலில் மூன்று பங்கு கோப்பித்தூளுக்கு ஒரு பங்கு வறுத்த மல்லித்தூள், சில நாள் கழித்துப் பாதிக்குப் பாதி, பிறகு ஒரு பங்கு கோப்பிக்கு மூன்று பங்கு மல்லி. வழக்கமான நேரத்தில் வழக்கமான கோப்பை, அதே மணம், அதே கறுப்பு நிறம், வாய்க்கு ஏமாற்றம் இல்லை. உள்ளே போகும் கஃபீன் மட்டும் மெல்ல மெல்ல இறங்குகிறது. கடைசியில், நோன்பு தொடங்கும் முன் விடியற்காலையில் சாப்பிடும் சஹர் வேளையில் ஒரு சிறு கோப்பை. அந்த ஆண்டு நோன்பின் முதல் வாரத்தில் காக்கா கடைக் கதவைச் சாத்தவில்லை. என் மனைவியும் ஐப்பசி பிறந்ததும் இதே கலவையைத் தொடங்கிவிடுகிறாள். தலைவலி வராமல் போனதற்கு முருகனின் அருள்தான் காரணம் என்கிறாள். நான் மறுக்கப் போகவில்லை.

ஒரு சிறு எச்சரிக்கை இதோடு சேர வேண்டும். கடைகளில் விற்கும் தலைவலி மாத்திரைகளில் சிலவற்றில் பரசிட்டமோலோடு 65 மில்லிகிராம் கஃபீனும் கலந்திருக்கிறது. கோப்பியை விட்டதால் வந்த தலைவலிக்கு அதைப் போட்டால் உடனே விட்டுப்போகும். விட்டது கஃபீன் கிடைத்ததால்தான், பிறகு அந்த மாத்திரையே கோப்பியாகிவிடும். பெட்டியின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள்.

எல்லோருக்கும் பாதி குறைய ஐந்து மணிநேரம் என்று நினைத்துவிடவும் கூடாது. கஃபீனை உடைப்பது ஈரலில் உள்ள ஒரு நொதியம். அது ஒருவருக்கு ஓடும் வேகம் இன்னொருவருக்கு ஓடுவதில்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பாதி குறைய 15 மணிநேரம்வரை ஆகலாம். கர்ப்பிணிகளுக்கு எல்லை நாளொன்றுக்கு 200 மில்லிகிராம். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் வேகம் குறைவு. சிப்ரோபுளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இந்த நொதியத்தைத் தடுக்கிறது. சலத்தொற்றுக்காக அந்த மாத்திரை எழுதிக் கொடுத்தபோது என் மனைவிக்கு, ஒரு கோப்பைக்கே நெஞ்சு படபடத்து இரவு முழுவதும் தூக்கம் இல்லை. மருந்தாளரிடம் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. மாத்திரை முடியும்வரை கோப்பியை நிறுத்தினாள். மாத்திரையை நிறுத்தக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புகைப்பவர்களுக்கு நேர்மாறு. சிகரெட் புகை அந்த நொதியத்தைத் தூண்டிவிடுவதால் அவர்களின் உடம்பு கஃபீனை ஏறத்தாழ இரட்டை வேகத்தில் கழித்துவிடும். என் மைத்துனர் படுவான்கரையில் வயல் செய்கிறார். கதிர் முற்றும் காலத்தில் யானைக் காவலுக்குப் பரணில் இரவைக் கழிப்பவர். பிளாஸ்க் நிறையக் கோப்பி, மடி நிறைய பீடி. பிள்ளைகளின் நச்சரிப்பில் பீடியை விட்டார். விட்ட பிறகு கை நடுக்கம், எடுத்ததற்கெல்லாம் கோபம், தூக்கமின்மை. பீடி இல்லாததால்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டி, மறுபடி பிடித்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டார்கள். பீடிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அவர் குடித்தது அதே பிளாஸ்க் கோப்பி, புகை இல்லாத உடம்பில் அது இரட்டிப்பாக நின்றது. பிளாஸ்க்கைப் பாதியாக்கச் சொன்னேன். அவரது கோபம் பெருமளவுக்கு அடங்கியது. மனைவியுடன் சண்டை மட்டும் தொடர்கிறது, அது பீடிக்கும் முந்தியது.

காவலுக்குப் போகிறவர்களுக்கும் இரவு பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் பயன்படும் ஒன்று இருக்கிறது. தூக்கம் தாங்க முடியாத நிலையில் கோப்பி குடித்துவிட்டு உடனே மோட்டார் சைக்கிளில் ஏறுவது ஆபத்து. குடித்தது வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் கண் கணநேரம் மூடினாலும் போதும். கோப்பியைக் குடித்துவிட்டு அந்த இடத்திலேயே கால் மணிநேரம் கண்ணயர வேண்டும். அந்தச் சிறு தூக்கம் அடினோசினைக் கொஞ்சம் கழிக்கும். எழும்போது கஃபீனும் மூளைக்கு வந்து சேர்ந்திருக்கும். இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் சாரதிகளைக் கொண்டு இதைச் சோதித்து, இரண்டும் சேர்ந்தால் தூக்கக் கலக்கம் நன்றாகக் குறைகிறது என்று கண்டார்கள். மைத்துனர் விடியற்காலையில் பரணில் இருந்து இறங்கும் முன் இப்படித்தான் செய்கிறார். ஆனாலும் அடுத்தடுத்து இரவுகள் விழித்தவருக்கு இது தூக்கத்தை ஈடுசெய்யாது.

கோப்பியைப் பற்றி இவ்வளவு குறை சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். நாளுக்கு முன்பே பிறந்த என் உறவுக்காரப் பெண்ணின் குழந்தை, மூச்சு விடவே மறந்து மறந்து கிடந்தது. வைத்தியசாலையில் அதற்குக் கொடுத்த மருந்தின் பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது: கஃபீன் சிற்றேற்று. மூளையில் மூச்சை நடத்தும் பகுதியை அது தூண்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது. கை நடுக்கத்தோடு தொடர்புடைய பார்க்கின்சன் நோய், கோப்பி குடிப்பவர்களிடையே குறைவாகக் காணப்படுவதாகப் பல நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. கஃபீன் அடைத்துக்கொள்ளும் வாங்கிகளில் ஒரு வகையைத் தடுக்கும் மருந்து ஒன்றை அந்த நோய்க்காக ஜப்பான் 2013இலும் அமெரிக்கா 2019இலும் அனுமதித்தன. நலமான கையை நடுங்கவைக்கும் பொருளின் வழியிலேயே நடுங்கும் நோய்க்கு மருந்து தேடுகிறார்கள் என்பது ஒரு மணிக்கூட்டுக்காரனுக்குப் பிடித்த வேடிக்கை. இதை வாசித்துவிட்டு மருந்தாக எண்ணிக் கோப்பியைக் கூட்ட வேண்டாம். இளமையிலிருந்தே பரம்பரையாகக் கை நடுக்கம் உள்ளவர்களில் சிலருக்கு அது நடுக்கத்தைக் கூட்டக்கூடும்.

கிளினிக் நாளில் நான் பார்ப்பது ஒன்று. விடிய ஐந்து மணிக்கு வந்து நம்பர் எடுத்துவிட்டு, பசிக்கு ஒரு பணிசும் சூடாக ஒரு கோப்பியும் குடித்துவிட்டு நேரே இரத்த அழுத்தம் பார்க்கும் மேசைக்குப் போவார்கள். அளவு ஏறித்தான் இருக்கும். அழுத்தம் அளப்பதற்கு அரை மணிநேரத்துக்குள் கோப்பி, தேநீர், சிகரெட் எதுவும் கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு அளக்க வேண்டும். கோப்பியை அளந்து மாத்திரையைக் கூட்டுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

படபடப்பு என்று வைத்தியரிடம் போகிறவர்கள், ஒரு நாளில் எத்தனை கோப்பி, தேநீர், சக்திப் பானம் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. இயல்பிலேயே பதற்றம் உள்ளவர்களுக்கு, திடீர்ப் பீதி வந்து மூச்சடைப்பவர்களுக்கு, கஃபீன் அந்தப் பீதியையே கிளப்பிவிடக்கூடும். மறுபுறம், நெஞ்சில் பாரம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால் கோப்பியால் வந்தது என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வரும்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் இப்போது கோப்பி செல்லாது. தகரத்தில் வரும் சக்திப் பானம்தான். அவற்றில் பெரும்பாலானவற்றில் 100 மில்லிலீற்றருக்குச் சுமார் 32 மில்லிகிராம் கஃபீன். வளரும் பிள்ளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய அதிகாரசபை சொல்லும் அளவு. 50 கிலோ பிள்ளைக்கு 150. அரை லீற்றர் தகரம் ஒன்றிலேயே 160 வந்துவிடும், வீட்டில் அம்மா ஊற்றிக் கொடுத்த தேநீர் தனி. படித்தது மனதில் தங்குவது ஆழ்ந்த தூக்கத்தில்தான் என்று மருமகள் தன் வகுப்பில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். என் மகனிடம் நான் தகரத்தின் எழுத்தைப் பூதக்கண்ணாடியால் வாசிக்கக் கொடுத்தேன். கணக்குப் பார்த்துவிட்டுப் பாதித் தகரத்தைப் பகலில் குடிக்கிறான். இந்த வயதில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

கடைசியாக, நேர விதி வைத்துக்கொள்பவர்களுக்கு வரும் பெரிய இடைஞ்சல் விருந்தோம்பல். நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பின்னேரம் போய், கோப்பி வேண்டாம் என்று சொன்னால் வந்த காரியமே கெட்டுவிடும். தண்ணீர் போதும் என்றால் இன்னும் மோசம். நான் கண்டுபிடித்த வழி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மல்லி கேட்டுவிடுவது. “தொண்டை சரியில்லை, மல்லியும் சுக்கும் போட்டு அவித்துத் தாருங்கள்” என்றால் வீட்டுக்காரப் பெண்களுக்குக் கோபம் வராது; கைமருந்து கேட்டவனைக் கவனிக்கும் உற்சாகமே வந்துவிடும். இது எல்லா வீட்டிலும் எடுபடும், ஆரையம்பதியில் இருக்கும் என் பெரியமாமியின் வீட்டைத் தவிர. அவர் மல்லி அவித்துத்தான் தருவார். பாதி குடித்தபின் மணம் வித்தியாசமாக இருக்கிறதே என்று கேட்டால், வெறும் மல்லியை எப்படி மருமகனுக்குக் கொடுப்பது, இரண்டு கரண்டி கோப்பித்தூள் போட்டேன் என்பார்.